விரதச் சட்டியில் பண்டிச் சூப்பு

என் மகனை நான் பதினொரு தடவை அடித்திருக்கிறேன். பத்துத் தடவை அவன் பிள்ளையாக இருந்தபோது. ஒரு தடவை அவனுக்கு முப்பத்தெட்டு வயதானபோது, அவன் மனைவியின் முன்னால். எண்ணுவது என் பழக்கம். ஊரில் நான்கு வருடம் கணிதம் படிப்பித்தேன், ஒஸ்லோவில் இருபத்தாறு வருடம் கடிதம் பிரித்தேன். இரண்டு வேலையிலும் எண்ணாமல் இருக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி நின்றுபோனால் ஏறவேண்டிய படிகள் நூற்றிருபத்தாறு. ஸ்டோவ்னர் நிலையத்திலிருந்து என் கதவு வரை எண்ணூற்றுப் பத்து அடி. பனிக்காலத்தில் அடி சிறுத்து ஆயிரத்துக்கு மேல் போய்விடும்.

மகனை அடித்ததில் நான்காவது நன்றாக நினைவிருக்கிறது. அவனுக்கு ஒன்பது வயது. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புத் தோழனின் பிறந்தநாளுக்குப் போய், பன்றி இறைச்சியில் செய்த பொல்ஸ மூன்று தின்றதாகப் பெருமையோடு வந்து சொன்னான். பொல்ஸ என்பது இந்த நாட்டுப் பிள்ளைகள் ரொட்டியில் சுற்றித் தின்னும் இறைச்சிக் குழல். நான் செருப்பைக் கழற்றினேன். அடுத்த நாள் அவன் தானாகவே நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டான். வைகாசி மாதம், வெயில். பிள்ளையை அடிப்பது இங்கே குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு கிழமை நீளக்கையோடு வியர்த்துக்கொண்டு திரிந்தான்.

பதினோராவது அடிக்கும் காரணம் பன்றிதான்.

எங்கள் வீட்டில் சட்டிகள் இரண்டு சாதி. கீழ்த் தட்டில் மச்சச் சட்டிகள் ஐந்து. மீனும் இறைச்சியும் அதில்தான். மேல்தட்டில் விரதச் சட்டி ஒன்று. அலுமினியம், அகன்ற வாய், இரண்டு காது. இருபத்தெட்டு வருடமாக அதில் சோறும் பருப்பும் மரக்கறியும் தவிர வேறெதுவும் வெந்ததில்லை. கழுவும் பஞ்சும் தனி. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நான் பகலில் தண்ணீர் மட்டும் குடித்து, மாலையில் ஒரு கோப்பைப் பாலும் ஒரு வாழைப்பழமும் எடுப்பேன். அந்த வருடம் ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். மழையும் பனியும் கலந்து கொட்ட, கார்த் தரிப்பிடத்தில் சூரனை இழுத்துவந்து தலையை மாற்றி மாற்றி வெட்டினார்கள். நான்கு தலை. என் விரல்கள் விறைத்துப் போயின. மனைவி இருமலோடு வீட்டில் இருந்தாள்.

ஹொல்ம்லியாவில் இருக்கும் மகனும் மருமகளும் அவளைப் பார்க்க வந்திருந்தது எனக்குத் தெரியாது. மருமகள் ஜப்பான்காரி. மாமியாருக்குச் சளி என்று கேள்விப்பட்டதும், தன் வீட்டில் சளிக்குச் செய்யும் சூப்புக்குத் தேவையானதெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மெல்லிதாக வெட்டிய பன்றி இறைச்சி, முள்ளங்கி, காரட், உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த சோயாப் பசை. அந்தப் பசைக்கு மீசோ என்று பெயர். சூப்புக்குப் பெயர் தொன்ஜிரு. என் மனைவிக்கு வாய் வராமல் பண்டிச் சூப்பு என்றே சொல்லுவாள். மருமகள் அலுமாரியைத் திறந்து பார்த்து, இருந்தவற்றில் மிகத் துப்புரவான சட்டியை மேல்தட்டிலிருந்து எடுத்திருக்கிறாள். மனைவி அறைக்குள் படுத்திருந்தாள். மகன் பல்கனியில் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

நான் கதவைத் திறந்தபோது வீடு முழுக்கப் பன்றிக் கொழுப்பின் மணம். அடுப்பில் என் விரதச் சட்டி. அதில் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. சால்வையின் இரண்டு முனைகளாலும் காதுகளைப் பிடித்துத் தூக்கினேன். எறிந்தேன்.

அவளை நோக்கி எறியவில்லை என்று பதினாறு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எறிந்த பக்கத்தில் அவள் கிண்ணத்தோடு நின்றாள். சட்டி பல்கனிக் கதவின் இரும்பு நிலையில் மோதி விழுந்தது. சூப்பு அவளுடைய இடது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கையைக் குழாயின் கீழே வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். மகன் உள்ளே ஓடிவந்து என் நெஞ்சுச் சட்டையைப் பிடித்தான். கையில் கிடைத்த அகப்பையால் அவன் கன்னத்தில் அடித்தேன். அதுதான் பதினோராவது. அவன் கைமுட்டியை மடக்கி என் வாயில் குத்தினான். அவன் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவை. கீழ்வரிசையில் ஒரு பல் பாதியாக முறிந்தது.

நான் நிலத்தில் குந்தியிருந்து இரத்தத்தைத் துப்பிக்கொண்டு, "பதினொரு தரம்தானடா உனக்கு அடிச்சிருப்பன். அதுக்கு இதோ?" என்று கேட்டேன்.

"பதினாலு," என்றான். "தள்ளினதை நீங்கள் எண்ணுறேல்லை."

கீழ்மாடியில் தனியாக வாழும் நோர்வேஜியக் கிழவி பொலிசுக்கு அழைத்திருந்தாள். இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தி பெண். என் மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்துவந்து, சட்டி வழுக்கிவிட்டது என்று தன் உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பொலிஸ்காரி குழாயடியில் நின்றவளிடம் கேட்டாள். மருமகள் திரும்பிப் பார்க்காமலே, ஆம், சட்டி வழுக்கிவிட்டது என்றாள். என் பல் எப்படி முறிந்தது என்று கேட்டதற்கு நான் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவர்கள் நம்பவில்லை. எழுதிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு மகன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. விரதச் சட்டியை நான் மச்சச் சட்டிகளோடும் வைக்கவில்லை, மேல்தட்டிலும் வைக்கவில்லை. பல்கனி மூலையில் கவிழ்த்துவிட்டேன். அதன் அடி நெளிந்திருந்தது. இரண்டு குளிர்காலம் அதன்மேல் பனி கிடந்தது.

போன மாசியில் மனைவிக்கு இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்து, பாதியை எடுத்துவிட்டார்கள். வைத்தியசாலைக்கு மகன் இரண்டு மணிக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடுவான். நான் நான்கு மணிக்குப் போவேன். தாதி இரண்டு நாற்காலி போட்டிருப்பாள். ஒன்றில் இன்னும் சூடு இருக்கும். மனைவி வீடு வந்தபோது ஐம்பத்தெட்டுக் கிலோ நாற்பத்தாறாகியிருந்தது. ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்கு வரும் தாதி அவளை நிறுப்பாள். நாற்பத்தைந்து. நாற்பத்து நான்கு. போன வியாழன் நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால் திரும்பவும் வைத்தியசாலை, மூக்கால் குழாய் என்று தாதி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். கஞ்சி வைத்தேன். ரசம் வைத்தேன். மீன் சொதி வைத்தேன். எதையும் இரண்டு கரண்டிக்கு மேல் அவள் விழுங்கவில்லை. கோபத்தில் ஒரு நாள் கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளை நான் எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

அந்தக் கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள். "அண்டைக்கு நீங்கள் வரமுன்னம் அவள் அந்தப் பண்டிச் சூப்பில எனக்கு ஒரு கரண்டி தந்தவள். அது இன்னும் நாக்கில நிக்குது. அதைச் செய்வியளோ?"

கல்யாணம் கட்டிய நாற்பத்தொரு வருடத்தில் அவள் பன்றி தின்றதில்லை என்று நான் நினைத்திருந்தேன். ஒரு கரண்டி தின்றிருக்கிறாள், அதுவும் சூரன்போர் நாளில்.

மகனுக்கு அழைத்தேன். எட்டுத் தடவை மணி அடித்து நின்றது. அம்மா அந்தச் சூப்பைக் கேட்கிறா, அளவு அனுப்பவும் என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் மருமகளின் இலக்கத்திலிருந்து நோர்வேஜிய மொழியில் பதினான்கு வரி வந்தது. தலையில் வணக்கம் இல்லை, அடியில் பெயர் இல்லை. இறைச்சி இருநூறு கிராம், முள்ளங்கி நூற்றைம்பது, தண்ணீர் தொள்ளாயிரம் மில்லிலீற்றர், மீசோ நான்கு மேசைக்கரண்டி. கொன்னியாக்கு என்று ஒரு பொருள். கிழங்குமாவில் செய்த சாம்பல்நிறப் பாளம், கையில் பிடித்தால் உயிருள்ளதுபோல வழுக்கும். அதை உருளைக்கட்டையால் நன்றாக அடித்து, கையால் பிய்த்துப் போடவேண்டும். கடைசி வரி: மீசோ போட்டபின் கொதிக்கக் கூடாது, அடுப்பை அணைத்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை மச்சச் சட்டியில் செய்தேன். இறைச்சியை மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். மஞ்சள் போடாமல் எப்படி இறைச்சி கழுவுவது? மீசோவைக் கரைத்ததும், வயிறு வெட்டிய ஆளுக்குப் பச்சைப் பசையைக் கொடுப்பதா என்று பயம் வந்தது. பருப்புக்குக் கொதிக்கவிடுவதுபோல மூடிபோட்டு ஆறு நிமிடம் கொதிக்கவிட்டேன். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

"இது இல்லை. மஞ்சள் மணக்குது. அவள் அந்தச் சட்டியிலதானே செய்தவள்?"

சட்டியில் என்ன இருக்கிறது என்று கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத நாட்களை எண்ணத் தொடங்கினால் முடிவு வராது. அடுத்த நாள் புதன். தாதி வர ஒரு நாள் இருந்தது.

காலை பத்து மணிக்குப் பல்கனியிலிருந்து சட்டியை எடுத்துக் கழுவினேன். அடுப்பின் கண்ணாடித் தட்டில் வைத்தால் அது தொட்டில்போல ஆடியது. ஒரு பக்கம் மட்டுமே சூடேறும். ஆகவே பல்கனிச் சீமெந்தில் துவாயை விரித்து, சட்டியைக் கவிழ்த்துவைத்து, சுத்தியலால் அடியை நிமிர்த்தத் தொடங்கினேன். பத்து அடிக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். முப்பதாவது அடியில் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாது. அதன்பிறகு சட்டியைச் சரிசெய்யவில்லை, அடித்தேன். அறுபத்து நான்கு அடி. உள்ளே மனைவி, மெல்ல மெல்ல என்று சொல்லியிருக்கிறாள், பிறகுதான் தெரியும்.

கதவு மணி அடித்தது. சுத்தியலோடு போய்த் திறந்தேன். கீழ்மாடிக் கிழவி. என்னைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள். உங்கள் மனைவியைக் காட்டுங்கள் என்றாள். அவள் படுத்திருக்கிறாள் என்றேன். காட்டுங்கள் என்று திரும்பவும் சொன்னாள். எண்பது வயதில் கைத்தடியோடு வந்து என் வீட்டு வாசலில் எனக்குக் கட்டளையா என்று, கதவை அவள் முகத்தில் அடித்துச் சாத்தினேன். எல்லாக் கரைச்சலும் அந்தக் கதவால் வந்தது.

திரும்பி வந்து கொன்னியாக்கைப் பலகையில் வைத்து உருளைக்கட்டையால் அடித்தேன். ஈரத்தசையில் அடிப்பதுபோல சத்தம். செய்தியில் எண்ணிக்கை இல்லை, இருபத்தைந்து அடித்தேன். பிய்த்தேன். பிறகு கத்தியை எடுத்து இறைச்சியை வெட்டத் தொடங்கினேன். கடையில் தடிப்பாகத்தான் கிடைத்தது. முழுதும் உறைவு இளகவில்லை. கையெல்லாம் சிவப்பு நீர்.

முன்கதவுப் பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டது. அந்தத் திறப்பு இன்னும் அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது. மகன் சப்பாத்தோடு உள்ளே வந்தான். நான் கத்தியோடு திரும்பினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கத்தி விழுந்தது. அவன் என்னை நெஞ்சால் தள்ளினான்; என் நெற்றி அலுமாரிக் கதவின் முனையில் அடித்துக் கிழிந்தது. அவனுடைய முழங்கை என் தொண்டையில் இருந்தது. நாற்பது வயது ஆணின் எடை முழுவதும் அதில். ஒரு கண்ணுக்குள் இரத்தம் இறங்க, மற்றக் கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வயதில் அவன் என்னைப் பார்த்த முகம் அது. நான் எத்தனை தடவை அந்த முகத்தைப் பார்த்தும் கையை இறக்காமல் இருந்திருக்கிறேன்.

"அம்மாவை என்ன செய்தனீங்கள்?" அவன் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டான். "அம்மா எங்கை?"

எனக்குப் பேச மூச்சு இல்லை. அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"தம்பி, அவரை விடு. அவர் சட்டியைத்தான் அடிச்சவர்."

அவன் விடவில்லை. மூன்று, நான்கு மூச்சு. பிறகு முழங்கையை எடுத்தான். அறைக்குள் போய் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். கைகால் முகம் எல்லாம் பார்த்திருப்பான். திரும்பி வந்து குசினி நிலத்தில், இறைச்சி நீரின் பக்கத்தில் அப்படியே இருந்தான். அவன் தோள்கள் ஆடின. நான் துவாயை நெற்றியில் அழுத்திக்கொண்டு நாற்காலியில் இருந்தேன்.

அப்போதுதான் அவன் சொன்னான். அன்றைக்குப் பொலிஸ் போனபிறகு அவன் கீழே இறங்கிக் கிழவியிடம் தன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறான். மேலே ஏதும் சத்தம் கேட்டால் பொலிசுக்கு முன்னால் தனக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லி. பதினாறு மாதம் அவள் காது என் கூரைக்குக் கீழே, அதாவது என் நிலத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. ஹொல்ம்லியாவிலிருந்து அவன் இருபத்தாறு நிமிடத்தில் வந்திருக்கிறான். சாதாரணமாக முப்பத்தைந்து எடுக்கும்.

சீனிப் பேணியில் சாய்த்து வைத்திருந்த என் கைத்தொலைபேசியில் அந்தப் பதினான்கு வரி தெரிந்தது. அவன் எழுந்து வாசித்தான். பிறகு பலகையைப் பார்த்தான், மஞ்சள் போத்தலைப் பார்த்தான்.

"மஞ்சள் போடாதேங்கோ," என்றான்.

போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தான். கையைக் கழுவினான். என் நெற்றிக்கு மூன்று ஒட்டுப் பட்டை ஒட்டினான், மென்மையாக அல்ல. மிச்ச இறைச்சியை அவன் வெட்டினான். நான் அளவுகளை வாசித்தேன். அவன் சட்டியை அடுப்பில் வைத்து அசைத்துப் பார்த்தான். ஆடவில்லை. இறைச்சியை வதக்கி, மரக்கறி போட்டு, தண்ணீர் விட்டு, மேலே வந்த நுரையைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கொட்டினான். கிழங்கு வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மீசோவை அகப்பைக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தான். அடுப்பின் சுவிட்சுக்கு என் கை இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் அவன் என் கையைப் பார்த்தான். நான் எடுத்துக்கொண்டேன். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தேன்.

மனைவியை நிமிர்த்தித் தலையணை வைத்து அவன் பருக்கினான். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஐந்து. ஒன்பது. பதினான்கு. பத்தொன்பதில் போதும் என்றாள். பாதி கண் மூடியபடி, "அவள் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"கீழ காருக்குள்ள இருக்கிறா," என்றான். "அஞ்சு நிமிசத்தில நான் மெசேஜ் போடாட்டி பொலிசுக்கு அடிக்கச் சொன்னனான்."

எப்போது போட்டான் என்று தெரியாது. என் இரத்தம் காயமுன் போட்டிருக்கவேண்டும்.

அவன் புறப்பட்டபோது ஒரு போத்தலில் சூப்பு ஊற்றிக்கொண்டு நானும் மின்தூக்கி வரை போனேன். கதவு திறக்கக் காத்துநிற்கையில், கீழ்மாடிப் பக்கம் தலையைக் காட்டி, "அவவிட்டை இருக்கிற என்ரை நம்பரை அழிக்கச் சொல்லட்டோ?" என்று கேட்டான். என்னைப் பார்க்காமல்தான் கேட்டான்.

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஒரு வீட்டின் அப்பனை அந்நியக் கிழவி ஒருத்தி ஒட்டுக்கேட்பது எவ்வளவு அவமானம்? ஆனால் சுத்தியலின் முப்பதாவது அடி நினைவுக்கு வந்தது. முப்பதுக்கும் அறுபத்து நான்குக்கும் இடையில் நான் எதை அடித்தேன் என்று எனக்கே தெரியாது.

"வேண்டாம். இருக்கட்டும்," என்றேன். "அவ எடுக்கட்டும்."

அவன் தலையாட்டினான். கீழே இறங்கி இருவரும் காரடிக்கு நடந்தோம். எழுபத்திரண்டு அடி. மருமகள் முன் இருக்கையில் இருந்தாள். என்னைக் கண்டதும் யன்னல் கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கினாள். என் நெற்றியைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

சட்டி வழுக்கிவிட்டது என்றேன்.

அவள் மகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தச் சட்டி அடிக்கடி வழுக்குகிறது," என்றாள். சிரிக்கவில்லை. போத்தலுக்காகக் கையை நீட்டினாள். நான்கு விரல் இடைவெளியால் போத்தல் போகவில்லை. கண்ணாடியை இன்னும் இறக்கினாள். இடது கை. சட்டைக் கை மேலே ஏறியபோது அந்தத் தழும்பு தெரிந்தது, பதினாறு மாதத்தில் முதல் தடவையாக. வெளிறி, ஓரம் சுருங்கி, முழங்கைவரை போய்க்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த மொழியில் அதற்கு ஒரே ஒரு சொல்தான், மிகச் சிறியது. பேருந்தில் காலை மிதித்தாலும் அதையே சொல்கிறார்கள். வேறு சொல் எனக்கு வரவில்லை. அவள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, கொதித்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். கண்ணாடி ஏறியது.

மேலே வந்து சட்டியைக் கழுவினேன். கையில் ஈரச் சட்டியோடு குசினி நடுவில் நின்றேன். மேல்தட்டா, கீழ்த்தட்டா என்று மனைவியிடம் கேட்டேன். "அடுப்பிலயே கிடக்கட்டும்," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை வருவினம்." அவன் அப்படிச் சொன்னானா என்று கேட்டேன். "சொல்லேல்லை," என்றாள்.

இன்று வியாழன். தாதி வந்து நிறுத்தாள். நாற்பத்து மூன்று புள்ளி நான்கு. போன கிழமையைவிட இருநூறு கிராம் கூட. நெற்றியில் என்ன என்று என்னிடம் கேட்டாள். மகன் தள்ளிவிட்டான், அதற்குக் காரணம் இருந்தது என்றேன். எழுதிக்கொள்ளவா என்று கேட்டாள். வேண்டாம், அதை நான் எண்ணி வைத்திருக்கிறேன் என்றேன். மணிக்கட்டில் அவன் விரல்கள் நான்கும் பெருவிரலும் நீலமாகப் பதிந்திருக்கின்றன. என் பழைய கணக்குப்படி அது அடியே அல்ல. அவன் கணக்குப்படி அவன் என்னை அடித்தது இரண்டு, நான் அவனை அடித்தது பதினான்கு.

முள்ளங்கி பாதி மிச்சம் இருக்கிறது. இறைச்சி தொண்ணூறு கிராம். நான்கு பேருக்குப் போதாது. சனிக்கிழமை கடைக்குப் போகவேண்டும்.